முந்நூற்றிநாலும் போக்கரும்: கையின் பலத்தை அளக்கும் இரண்டு கணக்குகள்

முந்நூற்றிநாலு ஆடிப் பழகியவர் கையில் நாலு தாள் விழுந்தால், விரித்துப் பார்த்த அடுத்த கணமே வாயில் ஒரு எண் வந்துவிடும். நூற்றியறுபது, நூற்றியெழுபது, இல்லாவிட்டால் கூட்டாளியைக் கேட்கச் சொல்லும் "உதவி". இன்னும் நாலு தாள் வரவிருக்கிறது. எதிரே இருக்கும் கூட்டாளியிடம் என்ன இருக்கிறதென்று தெரியாது, பக்கத்து இருவரிடமும் என்ன இருக்கிறதென்று தெரியாது. 32 தாளில் எட்டில் ஒரு பங்கை மட்டும் கண்டுவிட்டு முழு ஆட்டத்துக்கும் விலை பேசுகிறார். எப்படிச் சொன்னீர்கள் என்று கேட்டால், "பழக்கம்தான்" என்பார். பழக்கம் என்பது உண்மை. அந்தப் பழக்கத்துக்குள் ஒரு கணக்கும் இருக்கிறது. அதை எழுதிக் காட்ட நல்ல துணை போக்கர். ஏனென்றால் கையின் பலம், வரப்போகும் தாளின் வாய்ப்பு, அதற்குக் கொடுக்கும் விலை ஆகிய மூன்றையும் போக்கர் ஆடுவோர் எண்களாகவே பேசுகிறார்கள்.

மன்னார்ப் பெருநிலப்பரப்பில், மாந்தை மேற்குப் பிரதேசத்தில், கட்டுக்கரைக்குளத்து நீர் பாயும் வயல்களின் ஊர் அடம்பன். இலங்கையின் வடக்கிலுள்ள மற்றத் தமிழ் ஊர்களைப் போலவே இங்கும் திருவிழா இரவு, செத்தவீட்டு இரவு, காலபோக வெட்டு முடிந்த ஓய்வு நாள் என்று நாலு பேர் விழித்திருக்கும் இடமெல்லாம் இந்த ஆட்டத்துக்கு இடம்தான். 2008இல் போர் இந்த ஊர்வழியே வந்தபோது வீடும் வயலும் விட்டுப் போக வேண்டியிருந்தது. 32 தாளும் நாலு பேரும் ஒரு பாயும் மட்டுமே கேட்கும் விளையாட்டு எந்த இடப்பெயர்விலும் தொலைவதில்லை. போக்கரோ கைபேசி இருக்கும் ஊரெல்லாம் இப்போது இருக்கிறது. இரண்டையும் அறிந்த ஒரு தலைமுறை உருவாகிவிட்டது. ஒன்றில் கெட்டிக்காரன் மற்றதிலும் கெட்டிக்காரன் என்று அந்தத் தலைமுறை நம்பிவிடக் கூடாது என்பதாலேயே இரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்கிறேன்.

பிறப்பிலேயே இரண்டும் வேறு குடும்பம். ஜாக்கும் ஒன்பதும் மேலே நிற்கும் ஆட்டங்கள் ஐரோப்பாவின் ஜாஸ் வகையைச் சேர்ந்தவை. ஒல்லாந்தர் நாட்டின் கிளாவர்யாஸ் அவற்றுள் ஒன்று. 1658இல் மன்னார்க் கோட்டையைப் போர்த்துக்கேயரிடமிருந்து பிடித்த ஒல்லாந்தர் வழியாகவே இந்த வகை ஆட்டம் நம் கரைக்கு வந்திருக்கலாம் என்பது சீட்டாட்ட வரலாற்றை ஆய்ந்தவர்கள் சொல்லும் கருத்து. அங்கே துரும்பு இனத்தில் மட்டும் ஜாக்கும் ஒன்பதும் உயரும். நம் ஆட்டத்தில் நாலு இனத்திலும் அவையே உச்சி. போக்கர் அமெரிக்காவில் 19ஆம் நூற்றாண்டில் வளர்ந்தது. இன்று உலகெங்கும் ஆடப்படும் டெக்சாஸ் ஹோல்டெம் வடிவம் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் டெக்சாஸ் மாநிலத்து ரொப்ஸ்டவுனில் பிறந்ததாக அந்த மாநிலச் சட்டமன்றமே ஏற்றிருக்கிறது.

முதலில், பலம் என்பது எங்கிருந்து வருகிறது?

போக்கரில் அது அருமையிலிருந்து வருகிறது. 52 தாளில் ஐந்து தாள் சேரும் வகைகள் 25,98,960. அவற்றில் ஒரே இனத்து ஐந்து தாள், தொடர்வரிசையாக அமையாதவை, 5,108. பல இனங்களில் கலந்து வரிசையாக அமைபவை 10,200. ஆகவே ஒரே இனம் வரிசையை வெல்லும். ஒரே எண்ணில் நாலு தாள் வருவது 624 வகை மட்டும் என்பதால் அது இரண்டையும் வெல்லும். எது அபூர்வமோ அது பெரிது, அவ்வளவுதான்.

முந்நூற்றிநாலில் பலம் வழக்கு வைத்த மதிப்பு. ஜாக் 30, ஒன்பது 20, ஆசு 11, பத்து 10, ராசா 3, ராணி 2, எட்டும் ஏழும் வெறும் தாள். ஒரு இனத்துக்கு 76, நாலு இனத்துக்கும் 304. ஜாக் வருவதும் ஏழு வருவதும் ஒரே வாய்ப்புத்தான். ஆனால் ஒன்றுக்கு 30, மற்றதற்குச் சுழி. இந்த ஏற்றத்தாழ்வுதான் ஆட்டத்தின் உயிர். மொத்தப் புள்ளியை 32ஆல் பிரித்தால் ஒரு தாளின் சராசரி ஒன்பதரை. நாலு தாளுக்கு 38. ஒரு கூட்டுக்கு வர வேண்டிய நியாயமான பங்கு 152. ஆகவே மிகக் குறைந்த கேள்வியான 160 என்பது, "பாதிக்குச் சற்று மேல் எடுப்போம்" என்ற வாக்குறுதி. வழக்கை ஏற்படுத்தியவர்கள் கணக்குத் தெரிந்தவர்கள் என்பதற்கு இந்த ஒரு எண்ணே போதும்.

இனி ஒரு கையை எடுத்து வைத்துப் பார்ப்போம். முதல் நாலு தாளில் உங்களுக்குக் கிளாவர் ஜாக், கிளாவர் ஒன்பது, கிளாவர் ஏழு, ஆடுதன் ஆசு. கூட்டினால் 61. சராசரியான 38ஐ விட எவ்வளவோ மேல். ஒரே இனத்து ஜாக்கும் ஒன்பதும் முதல் நாலு தாளிலேயே சேர்ந்து வருவது ஏறத்தாழ 21 கைக்கு ஒருமுறைதான். நாலு தாளில் ஏதாவது ஒரு ஜாக் வரும் வாய்ப்பே 43 வீதம்தான். ஆக, பாதிக்கு மேற்பட்ட கைகள் ஜாக் இல்லாத கைகள்.

வெளியே 28 தாள் இருக்கிறது, அவற்றில் 243 புள்ளி இருக்கிறது. உங்களுக்கு இன்னும் நாலு, கூட்டாளிக்கு எட்டு. இந்தப் பன்னிரண்டு தாளிலும் சராசரியாக 104 புள்ளி விழும். கையிலுள்ள 61ஐச் சேர்த்தால் 165. கேட்க வேண்டிய 160ஐ இது மயிரிழையில் தாண்டுகிறது. ஆனால் கையிலிருக்கும் புள்ளி வேறு, பிடியில் சேரும் புள்ளி வேறு. கிளாவரைத் துரும்பாக வைத்து அதன் ஜாக்கை நீங்கள் இறக்கும்போது எதிராளியின் ஆசோ பத்தோ அதன்மேல் விழுந்தால் அதுவும் உங்கள் கணக்கு. ஜாக்கும் ஒன்பதும் உங்களிடமே இருப்பதால் துரும்பில் முதல் இரண்டு பிடியும் உங்களுடையவை. ஆகவே 165 என்பது கீழ்க்கணக்கு. பழகியவர் இந்தக் கைக்கு "நூற்றியெழுபது" என்று தயங்காமல் சொல்வது இதனால்தான்.

சரி, கிளாவர் ஆசு எங்கே? அது உங்களுக்கு வரும் வாய்ப்பு 28இல் 4. கூட்டாளிக்கு 28இல் 8. எதிராளிகள் இருவருக்கும் 28இல் 16. அதாவது ஏழில் மூன்று உங்கள் பக்கம், ஏழில் நாலு அந்தப் பக்கம். இந்த ஏழு என்ற பகுதியை மனதில் வைத்திருந்தால் காணாத எந்தத் தாளுக்கும் இதே கணக்குப் பொருந்தும். துரும்பு இன்னும் ஒன்றாவது உங்களுக்கு வரும் வாய்ப்பு 57 வீதம். கூட்டாளியிடம் ஒரு துரும்பும் இல்லாமல் போகும் வாய்ப்பு 16 வீதம். ஆறு ஆட்டத்தில் ஒன்றில் நீங்கள் தனித்து நிற்பீர்கள் என்று பொருள். கூட்டாளியை நம்பிக் கேட்பவர்கள் இந்த ஆறில் ஒன்றை மறந்துவிடுகிறார்கள்.

இப்போது போக்கருக்கு, அதன் ஹோல்டெம் வடிவத்துக்கு, வருவோம். உங்கள் கையில் ஆடுதன் ஆசு, ஆடுதன் எட்டு. நடுவில் மூன்று பொதுத்தாள் விரிகிறது: ஆடுதன் ராசா, ஆடுதன் ஐந்து, கிளாவர் ஒன்பது. நாலு ஆடுதன் சேர்ந்துவிட்டது, இன்னும் ஒன்று வந்தால் ஒரே இனம். ஒரு இனத்தில் 13, கண்டது 4, மிச்சம் 9. காணாத தாள் 47. அடுத்த தாளில் வரும் வாய்ப்பு 47இல் 9, அதாவது 19 வீதம். இன்னும் இரண்டு தாள் திறக்க இருக்கிறது. இரண்டில் ஏதாவது ஒன்றில் வரும் வாய்ப்பு 35 வீதம். ஆடுவோர் இதை வாய்ப்பாடாக்கி வைத்திருக்கிறார்கள். உதவும் தாள்களின் எண்ணிக்கையை ஒரு தாள் மிச்சமென்றால் இரண்டாலும் இரண்டு தாள் மிச்சமென்றால் நாலாலும் பெருக்கினால் வீதம் கிட்டத்தட்டக் கிடைத்துவிடும். இரு முனையும் திறந்த வரிசைக்கு எட்டுத் தாள் உதவும்: 17, 31. நடுவில் ஓட்டை விழுந்த வரிசைக்கு நாலு தாள்: எட்டரை, பதினாறரை.

இதைக் கேட்கும் முந்நூற்றிநாலுக்காரர் ஒரு கேள்வி எழுப்புவார்: மிச்ச ஒன்பது ஆடுதனில் சில எதிராளிகள் கையில் இருக்கலாமே, எல்லாம் கட்டுக்குள்ளேயே இருப்பதாக எப்படி எண்ணுவது? நியாயமான கேள்வி. ஆனால் எதிராளிகள் கையில் எத்தனை ஆடுதன் என்று உங்களுக்குத் தெரியாதவரை, காணாத 47 தாளும் உங்கள் பார்வையில் ஒன்றே. கட்டின் மேலிருக்கும் தாள் ஆடுதனாக இருக்கும் வாய்ப்பு 47இல் 9தான்.

இந்தக் கேள்வியே இரு ஆட்டத்தின் அடிப்படை வேற்றுமையைக் காட்டுகிறது. போக்கரில் வாய்ப்பு என்பது வரவைப் பற்றியது: தாள் வருமா, வராதா. பல தாள் கடைசிவரை கட்டிலேயே கிடந்துவிடும். முந்நூற்றிநாலில் 32 தாளும் பங்கிட்டு முடிந்துவிடும், எதுவும் வெளியே நிற்பதில்லை. ஆகவே இரண்டாவது நாலு தாள் கைக்கு வந்தபின் கேள்வி இருப்பிடத்தைப் பற்றியது: தாள் யாரிடம். வரவைக் கணக்கிடலாம், அவ்வளவுதான். இருப்பிடத்தை விசாரிக்கலாம். வலப்பக்கத்தார் ஏன் 180வரை ஏறினார்? கூட்டாளி ஏன் முதற்பிடியிலேயே டயமன் பத்தைக் கழித்தார்? முந்நூற்றிநாலில் கூர்மையானவர் நிகழ்தகவோடு தொடங்கி, மூன்றாவது பிடிக்குள் அதைச் சாட்சியமாக மாற்றிவிடுகிறார். ஐந்தாவது பிடியில் அவரிடம் ஊகமே மிஞ்சுவதில்லை, யாரிடம் எது என்று தெரிந்துவிடுகிறது. இந்த நினைவாற்றலும் துப்பறியும் திறனும் போக்கரில் இத்தனை தூரம் வேலை செய்வதில்லை. அங்கே எதிராளி பந்தயம் வைக்கும் விதத்தை வைத்து அவர் கையில் இருக்கக்கூடிய தாள்களின் எல்லையைக் குறுக்கலாம். எத்தனையோ கைகள் கடைசிவரை திறக்கப்படாமலே போய்விடும்.

அடுத்தது, பலம் ஒப்புநோக்கியது என்பது. போக்கரில் கையில் இரண்டு ஆசு வருவது 221 கைக்கு ஒருமுறை. ஒரே ஒரு எதிராளியோடு எந்தத் தாளானாலும் சரி என்று கடைசிவரை போனால் அது 85 வீதம் வெல்லும். அதே இரண்டு ஆசு, எதிராளிகள் ஒன்பது பேரும் விலகாமல் கடைசிவரை வந்தால் 31 வீதம்தான். தாள் மாறவில்லை, எதிரே இருப்பவர் தொகை மாறியது. நடுவில் நாலு ஆடுதன் விரிந்துவிட்டால், ஆடுதன் இல்லாத இரண்டு ஆசு ஒற்றை ஆடுதன் வைத்திருப்பவரிடம் தோற்கும். புதியவர்கள் பணம் இழப்பது பெரும்பாலும் இங்கேதான். தொடக்கத்தில் பெரிதாக இருந்த கையை, அது சிறுத்துப்போனபின்னும் பெரிதென்றே பிடித்துக்கொண்டிருப்பார்கள்.

முந்நூற்றிநாலில் இது மறுபுறமாக நடக்கிறது. கையில் ஒரு பத்து. மேலே மூன்று தாள் இருப்பதால் தொடக்கத்தில் அது பலவீனம். அந்த இனத்தில் ஜாக்கும் ஒன்பதும் ஆசும் போனபின் அதுவே தலைமைத் தாள். ஆலையில்லா ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை என்பதன் பொருளை இந்த ஆட்டம் ஒவ்வொரு இரவும் காட்டுகிறது. நேரம் செல்லச்செல்ல போக்கரில் பெரும்பாலான கைகள் தேய்கின்றன. இங்கே பொறுமையாக வைத்திருந்த நடுத்தாள்கள் வளர்கின்றன. அதோடு இன்னொரு சிக்கல்: துரும்பு எந்த இனமென்பது கவிழ்த்து வைத்த ஒற்றைத் தாளுக்குள் இருக்கிறது. துரும்பு திறக்காதவரை, இனம் இல்லாதவர் தாளைக் கவிழ்த்தே போட வேண்டும். அது வெட்டா, வெறும் கழிவா என்பதைத் துரும்பு வைத்தவர் புரட்டிப் பார்த்தபின்தான் மற்றவர்கள் அறிவார்கள். போக்கரில் நடுவில் விரிந்தவை எல்லாருக்கும் பொது. முந்நூற்றிநாலில் ஆட்டத்தை நடத்தும் சட்டமே ஒருவரிடம் மட்டும் இரகசியமாக இருக்கிறது.

விலைக்கு வருகிறேன். இந்த ஒப்பீட்டில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது இதுதான்.

மேலே சொன்ன ஆடுதன் கையில், நடுவில் 300 ரூபா கிடக்கிறது, எதிராளி 150 வைக்கிறார் என்று கொள்வோம். நடுவில் 450. நீங்கள் 150 போட்டால்தான் அடுத்த தாளைப் பார்க்கலாம். மொத்தம் 600இல் உங்கள் பங்கு 150, நாலில் ஒன்று. ஆகவே 25 வீதத்துக்கு மேல் வாய்ப்பு இருந்தால்தான் இந்த விலை கட்டும். உங்களிடம் இருப்பது அடுத்த தாளுக்கு 19 வீதம். நூறுமுறை இப்படி ஆடினால் ஒருமுறைக்குச் சராசரியாக 35 ரூபா கைவிட்டுப் போகும். ஆனால் பலர் 35 வீதம் என்ற எண்ணை மனதில் வைத்து, "25க்கு மேல்தானே" என்று பணம் போடுகிறார்கள். 35 வீதம் இரண்டு தாளுக்கும் சேர்த்த கணக்கு. ஒரு தாளுக்கு மட்டும் காசு கொடுத்துவிட்டு, இரண்டாவது தாளுக்கு எதிராளி மறுபடி விலை கேட்பார் என்பதை மறந்த கணக்கு அது. வந்தால் இன்னும் எவ்வளவு வாங்கலாம் என்பதையும் சேர்த்துப் பார்க்கத்தான் வேண்டும். ஆனால் எதிராளி அந்த மேலதிகப் பணத்தைத் தருவார் என்பதற்கு நம்பிக்கையைத் தவிர வேறு பிணை இல்லை.

முந்நூற்றிநாலில் பணம் இல்லை, ஆகவே விலையும் இல்லை என்று எண்ணுவது தவறு. பல வட்டங்களில் வழங்கும் கணக்கு இது: 200க்குக் கீழே கேட்டு வென்றால் வரவு ஒன்று, தோற்றால் இழப்பு இரண்டு. 200இலிருந்து கேட்டால் இரண்டும் மூன்றும். 250இலிருந்து மூன்றும் நாலும். முதல் வரியைப் போக்கர்க் கணக்கில் போட்டால், மூன்றில் இரண்டு தடவைக்கு மேல் வெல்பவருக்குத்தான் அது கட்டும். 67 வீதம். 200இல் அது 60 வீதம், 250இல் 57 வீதம். கேள்வி ஏற ஏற வேலை கடினமாகிறது, ஆனால் தேவைப்படும் நிச்சயம் இறங்குகிறது. துணிந்தவருக்குக் கொடுத்த சலுகை இது. இருந்தும், கேட்காமல் இருப்பதும் இலவசம் இல்லை. நீங்கள் விட்டால் எதிராளி துரும்பு வைப்பார். முதற்கையோ ஒதுங்கவே முடியாது, ஒன்றில் கேட்க வேண்டும் அல்லது கூட்டாளியிடம் உதவி சொல்ல வேண்டும்.

அங்கேதான் இரு ஆட்டமும் நேரெதிராகப் பிரிகின்றன. போக்கரில் எந்த நேரமும் தாளைப் போட்டுவிட்டு எழலாம். உண்மையில் அந்த ஆட்டத்தின் பாதித் திறமை அதுதான். நல்ல ஆட்டக்காரர் தமக்கு வரும் கைகளில் பெரும்பாலானவற்றை விளையாடாமலே விடுகிறார். முந்நூற்றிநாலில் விலகல் கிடையாது. வந்த எட்டுத் தாளையும் கடைசிவரை ஆடியே தீர வேண்டும், ஏனென்றால் உங்கள் கெட்ட கை கூட்டாளியின் நல்ல கைக்குத் துணை. வெறும் ஏழும் எட்டும் வந்தாலும் கூட்டாளியின் பிடியில் எந்தப் புள்ளியைச் சேர்ப்பது, எதைக் காப்பது என்று யோசிக்க இடமிருக்கிறது. "என்ர கையில ஒண்டுமில்லை மச்சான்" என்று சொல்லிக்கொண்டே ஆட்டத்தைக் காப்பாற்றியவர்களை எந்தத் திண்ணையிலும் பார்க்கலாம்.

ஏமாற்றுப் பந்தயமும் இதையொட்டியே மாறுகிறது. எதிராளி விலகக்கூடும் என்பதால்தான் போக்கரில் இல்லாத கையை இருப்பதாகக் காட்டுவது பலிக்கிறது. ஜோன் வொன் நொய்மான் தம் ஆட்டக் கோட்பாட்டில் போக்கரை எடுத்து ஆராய்ந்து, ஏமாற்றும் அளவுகூடக் கணிதத்துக்குள் அடங்கும் என்று காட்டினார். 2015இல் கனடாவின் அல்பெர்ட்டா பல்கலைக்கழகத்தார் இருவர் ஆடும், பந்தய வரம்புள்ள ஹோல்டெமை நடைமுறையில் தீர்த்தே விட்டார்கள். முந்நூற்றிநாலில் யாரும் விலக முடியாததால் ஏமாற்றுக்கு இடம் கேள்வியில் மட்டும்தான்: எதிராளியை அவர் தாங்காத எண்வரை ஏற்றிவிடுவது.

ஆகவே என் தீர்ப்பு இது. எண்ணுவதற்கும் நினைவுக்கும் கூட்டாகச் சிந்திப்பதற்கும் முந்நூற்றிநாலே உயர்ந்த ஆசான். விலையை அளப்பதற்கும் விடத் தெரிவதற்கும் போக்கர் உயர்ந்த ஆசான். முந்நூற்றிநாலில் ஊரையே வென்றவர் போக்கர் மேசையில் தோற்பதற்குக் காரணம் திறமைக்குறைவு இல்லை. எந்தக் கையையும் கடைசிவரை ஆடியே பழகியவர் அவர். கைபேசிப் போக்கரில் அந்தப் பழக்கம் பணமாகவே போகிறது. அதோடு நடத்துபவர் ஒவ்வொரு ஆட்டத்திலும் நடுப்பணத்தில் ஒரு வீதம் எடுத்துக்கொள்வதால், சமமாக ஆடுபவர்கூட நாளடைவில் இழப்பார். தமிழ்நாடு 2022இல் இணையச் சூதாட்டத் தடைச் சட்டம் இயற்றியது. ரம்மியும் போக்கரும் திறமை ஆட்டங்கள் என்று 2023 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அவற்றுக்கு விலக்குக் கொடுத்தது. 2025 ஆகஸ்டில் இந்திய நாடாளுமன்றம் காசு வைத்து ஆடும் இணைய ஆட்டங்கள் எல்லாவற்றையும், திறமையோ அதிர்ஷ்டமோ என்று பாராமல், தடை செய்தது. திறமை ஆட்டம் என்பது உண்மையாகவே இருக்கட்டும். அந்தத் திறமை யாரிடம் இருக்கிறது என்பதுதான் கேள்வி. 19 வீதத்துக்கும் 35 வீதத்துக்கும் வேற்றுமை தெரியாமல் பணம் கட்டும் பிள்ளையிடம் அது இல்லை.

இந்த வேற்றுமையைப் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுக்கக் காசு தேவையில்லை. சாதாரண தரக் கணிதத்தில் நிகழ்தகவு இருக்கிறது, உயர்தர இணைந்த கணிதத்தில் சேர்மானம் இருக்கிறது. பகடையும் நாணயமும் பையிலிட்ட நிறப்பந்துகளும் உதாரணமாக வருகின்றன. மன்னார் மாவட்டத்தில் கணிதம் படிப்பிக்கும் ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள்: அடுத்த முறை அந்தப் பாடம் வரும்போது 32 தாளை மேசையில் வையுங்கள். முதல் நாலு தாளில் ஒரு ஜாக்காவது வரும் வாய்ப்பு என்ன என்று கேளுங்கள். விடை 35,960இல் 15,485. பிள்ளைகளில் பலர், கணக்குப் போடுவதற்கு முன்பே, பாதிக்குக் கொஞ்சம் குறைவு என்று சொல்லிவிடுவார்கள்.